கிழக்குப் பார்த்து நின்ற கார்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம் அல்ல, ஒரு சைலன்சர் குழாய். விளிம்பெல்லாம் மசி பிடித்து, எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தபடி நிற்கும் குழாய். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அது லேசாக நடுங்கும். அதிலிருந்து வரும் கரும்புகை வாசற்படியில் சற்றுத் தயங்கிவிட்டு, அழைத்த விருந்தாளி மாதிரி உள்ளே வரும். உள்ளே, வாசலுக்கு நேர் எதிரே, குழித்தறியில் அம்மா உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருப்பாள்.

ஆரணியில் எங்கள் தெரு எங்கள் வீட்டு வாசலில்தான் முடியும். தெருக்குத்து வீடு. தெரு நேராக வந்து குத்துகிற வீட்டில் குடியிருந்தால் ஆகாது என்று யாரும் அங்கே வரமாட்டார்கள். அதனால்தான் அப்பா போன பிறகு அந்த வீடு எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. போதாக்குறைக்கு, பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, ரோடு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. குழித்தறி நெய்கிறவர்கள் காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத் தரையோடு தரையாக உட்கார வேண்டும். எங்கள் தரையோ ரோட்டுக்கும் கீழே. ஆக, வாசலில் ஒரு கார் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் சைலன்சர் அம்மாவின் மூஞ்சிக்கு நேராக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்த எனக்கே தெரிந்தது.

மாமா அம்மாவின் உடன்பிறந்த தம்பி. ஊரில் ஒரு பட்டு வியாபாரியிடம் கார் டிரைவர். எங்களுக்கு அந்த வியாபாரியிடம் தறி வேலை வாங்கிக் கொடுத்ததும் மாமாதான், அதை மறுக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அவர் ஒரு காரணம். அதற்காக எத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதுதான் என் கேள்வி. நன்றி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எத்தனை பேருடைய தொண்டையை அடைத்திருக்கிறார்கள்!

அந்தக் காரை மாமா பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும். டீசல் வண்டி, வெள்ளை நிறம். தினமும் காலையில் முதலாளி வீட்டு வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்து அதைக் குளிப்பாட்டுவார். அடுத்த தெருவில் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பார்கள், இங்கே நல்ல தண்ணீர் சாக்கடையில் ஓடும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் விசேஷம். வண்டியை ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய், தேங்கி நிற்கிற தண்ணீரிலேயே இறக்கி நிறுத்தி, சோப்புத் தூள் போட்டுத் தேய்ப்பார். மாற்றிய பழைய ஆயிலை அங்கேயே மண்ணில் சாய்த்துவிட்டு வருவார். அவர் போன பிறகு தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக எண்ணெய் மினுங்கும். பக்கத்தில் எருமை நிற்கும். நாங்கள் பிள்ளைகள் அதை வானவில் என்று சொல்லிக் கைதட்டியிருக்கிறோம்.

கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் அவ்வளவு மினுக்கு. சீட்டுக்குப் புது உறை, முன்னால் சாமி படம், வெள்ளிக்கிழமை தோறும் மல்லிகைச் சரம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எஞ்சினுக்குள்ளேயோ காற்று வடிகட்டி அழுக்கால் அடைத்துப்போய் மூச்சுவிட முடியாமல் கிடந்தது. ஃபில்டரை மாற்றி, டீசல் பாய்கிற இடத்தைச் சுத்தம் செய்து, ஒழுங்காக ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டிருந்தால் பாதிக் கரும்புகை நின்றிருக்கும் என்று மெக்கானிக் சொன்னாராம். மாமாவே எங்கள் வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னார். முதலாளி அதற்குச் சொன்ன பதிலையும் அவரே நடித்துக் காட்டினார்: "ஓடிகினுதானேடா கீது? ஓடற வண்டிக்கு இன்னாத்துக்கு வைத்தியம்?" அதைச் சொல்லிவிட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் முதலாளி மனைவியோடு படவேட்டுக்கு அம்மன் தரிசனத்துக்குப் போவார். போகிற வழியில் நெசவாளர் வீடுகளில் இறங்கித் தறி பார்ப்பார். எவ்வளவு நெய்திருக்கிறது, கரை சுத்தமாக விழுந்திருக்கிறதா, ஜரிகை வீணாகிறதா என்றெல்லாம் பார்ப்பார். முதலாளியம்மா காரைவிட்டு இறங்கமாட்டார். கோயிலுக்குப் போகிறவர் தெருக்குத்து வீட்டில் கால் வைக்கலாமா? அதனால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருப்பார். ஏசி ஓட வேண்டும். ஏசி ஓட வேண்டும் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். முதலாளி என் அம்மாவிடம் பேசி, பட்டைத் தடவிப் பார்த்து, குறை சொல்லி, பழைய கதை பேசி, ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்த வண்டி எங்கள் வாசலில் உறுமிக்கொண்டிருக்கும்.

நேராக வந்து நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மூஞ்சி எங்களைப் பார்த்திருக்கும், புகை தெருப்பக்கம் போயிருக்கும். ஆனால் முதலாளியின் ஜோசியர் எதையோ சொல்லி வைத்திருந்தார். சரக்கு பார்க்கப் போகிற இடத்தில் வண்டி கிழக்கு பார்த்துத்தான் நிற்க வேண்டுமாம், அப்போதுதான் வியாபாரம் விருத்தியாகுமாம். எங்கள் வீடு தெருவின் மேற்குக் கோடி. எனவே மாமா அந்தச் சந்தில் முன்னும் பின்னும் போய்வந்து, வண்டியைத் திருப்பி, ரிவர்சிலேயே எங்கள் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அந்தத் திறமையை வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் வண்டியின் முகம் கிழக்கே, பின்புறம் என் அம்மாவுக்கு. லட்சுமி முன்பக்கமாக வருவாள் என்று காத்திருந்தார்கள், பின்பக்கமாக என்ன போகிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். முதலாளி வந்திருக்கும்போது யார் கதவைச் சாத்துவது? அதுவுமில்லாமல் தறிக்கு வெளிச்சமே வாசல் வழியாகத்தான். அம்மா என்ன செய்வாள் தெரியுமா? வண்டி ரிவர்சில் வருகிற சத்தம் கேட்டதும், பக்கத்தில் மடித்து வைத்திருக்கும் பழைய வேட்டியை எடுத்து உதறுவாள். எடுத்துத் தன் மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டாள். தறியில் இருக்கும் பட்டின் மேல் விரிப்பாள். கசங்காமல், ஓரம் விடாமல், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போலப் போர்த்துவாள். நெசவுக்காரியின் புத்தி அது. வேறு யாராக இருந்தாலும் முதலில் தன் மூக்கைத்தான் பொத்துவார்கள். பட்டில் கரி விழுந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு, நெஞ்சில் விழுந்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? துணி மூடிய பட்டுக்குப் பக்கத்தில், திறந்த மூக்கோடு உட்கார்ந்து, முதலாளி கேட்பதற்கெல்லாம் "ஆமாங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவர்கள் போன பிறகுதான் இருமுவாள்.

இருமல் இழுப்பாக மாறியது. மூச்சு விடும்போது உள்ளே விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். ஒருநாள் மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம வூட்டாண்ட வந்து நிக்கும்போது மட்டும் எஞ்சினை ஆஃப் பண்ணிடேண்டா."

"யக்கா, ஏசி நின்னுபூடும். மொதலாளியம்மாவுக்கு வேர்த்தா அவ்ளோதான்."

"அப்ப தெரு முனையிலயே நிறுத்து. அவரு நடந்து வரட்டும்."

"மொதலாளிய நடக்கச் சொல்றியா? நல்லா சொன்ன போ!"

"மூஞ்சியாவது இந்தப் பக்கம் திருப்பி நிறுத்துடா."

"கிழக்க பாத்துதான் நிக்கணும்னு ஜோசியரு சொல்லிகீறாரே. நான் இன்னா பண்ணுவேன்? கொஞ்சம் அனுசரிச்சிப் போக்கா."

மாமா கை கழுவிக்கொண்டு போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பாவம்டி, அவன் வேலை பூடும்" என்றாள் அம்மா. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மாமாவுக்கு எத்தனையோ வருஷம் மன்னிப்பு வழங்கப்பட்டது.

பிறகு அந்தச் சந்தன நிறப் புடவை வந்தது. யாரோ பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு. உடல் முழுக்கச் சந்தனம், கரை அரக்கு. வெளிர் நிறப் பட்டு நெய்வது கஷ்டம், கை வியர்வை பட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். அம்மா கையைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டு நெய்தாள். வேட்டி போர்த்தி நெய்த இடத்தைக் காப்பாற்றிவிட்டாள். ஆனால் நெய்யாத பாவு, அந்த நெடுக்கு நூல், தறிக்கு அப்பால் நீண்டு கிடக்கிறதே, அத்தனைக்கும் எங்கே போய்ப் போர்வை தேடுவது? அதில் கரி படிந்திருக்கிறது. நெய்ய நெய்ய, அது துணிக்குள் மங்கலான புள்ளிகளாக இறங்கியிருக்கிறது.

தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த அன்று முதலாளி புடவையை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது. "இன்னாம்மா இது? கரியா?" என்றார். வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு அன்று எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. தறியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "உங்க வண்டிப் புகைங்க மொதலாளி. வாரா வாரம் உள்ள வருதுங்க" என்றாள்.

முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம்தான். திரும்பி வாசலில் நின்ற மாமாவைக் கேட்டார். "ஏண்டா, நம்ம வண்டி புகை வுடுதா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். "அதெல்லாம் இல்லீங்க மொதலாளி. வண்டி கண்ணாடி மாதிரி கீது. அக்கா வூட்ல வெறகு அடுப்பு எரிப்பாங்க. அந்தக் கரியாத்தான் இருக்கும்."

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. அதில் அம்மா வடித்த சோற்றைத்தான் அவர் எத்தனையோ மத்தியானம் சாப்பிட்டிருக்கிறார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எங்கே ஆடியது? ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புகை அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது, கண்ணால் பார்த்தேன். நான் கத்த வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

பட்டுக்குப் பக்கத்தில் விறகடுப்பு எரிக்கிறவளுக்கு இனி பாவு கொடுப்பதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். கார் கிழக்கே பார்த்தபடி நேராகப் போயிற்று, திரும்ப வேண்டிய அவசியம்கூட இல்லை. தறி காலியாயிற்று. அம்மா அதன்பிறகு நூல் சுற்றும் வேலைக்குப் போனாள், அங்கேயும் தூசு. இழுப்பு முற்றி ஒருநாள் வேலூருக்கு அழைத்துப் போனோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல யாராவது பீடி பிடிக்கிறாங்களா? புகைக்கு நடுவுல வேலை செய்யறீங்களா?" என்றார். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "வெறகு அடுப்புங்க டாக்டர்."

அந்தப் பொய்யை அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். எங்களைத் தவிர யாருமில்லாத அந்த அறையில், முன்பின் தெரியாத டாக்டரிடம்கூடத் தம்பியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஏன் மாமாவைக் காப்பாற்றினாய் என்று பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்றாள். அம்புக்கு வாய் கிடையாது அம்மா, உன் தம்பிக்கு இருந்ததே என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது எனக்கு ஒரு சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. படவேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தப் பக்கத்துக்குப் பஸ் ஒழுங்காக வந்தால் நான் கார் வாங்கியிருக்கவே மாட்டேன். நான் ஒன்றும் பூமியைக் காப்பாற்றுகிற புண்ணியவதி இல்லை, எனக்கு இருப்பது கோபம், அவ்வளவுதான். தனியாக ஓட்டிக்கொண்டு போவதில்லை, வழியில் இருக்கும் இரண்டு டீச்சர்களையும் ஏற்றிக்கொள்வேன். டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்பதால் காற்றைத் தவறாமல் சரிபார்ப்பேன். மெதுவாகக் கிளப்பி, தூரத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, திடீர் பிரேக் போடாமல் ஓட்டுவேன். ஃபில்டர், ஆயில் எல்லாம் சொன்ன காலத்தில் மாற்றுவேன். ஒரு தடவை மெக்கானிக் பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றப்போனபோது நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். இப்போது அந்த மெக்கானிக்கே கேனில் பிடித்து வைத்து, பழைய ஆயில் வாங்குகிறவர்களிடம் கொடுக்கிறார். குழாய் பிடித்துக் கழுவுவதில்லை, ஒரு பக்கெட் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். எங்கே நின்றாலும், ரயில்வே கேட்டானாலும் பள்ளி வாசலானாலும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவேன். "டீச்சரம்மா பெட்ரோலை மோந்து பாத்துட்டு மூடி வெச்சுடுவாங்க, கஞ்சப்பிசினாறி" என்று கூட வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவதெல்லாம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில்தான். பிள்ளையை அழைத்துப்போக வந்த கார்கள் வரிசையாக எஞ்சினை ஓடவிட்டு நிற்கும். உள்ளே ஒருவர் குளுகுளுவென்று போன் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே நடந்துபோகிற பிள்ளைகளின் மூக்கு சரியாக எந்த உயரத்தில் இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறார்களா? நான் போய்க் கண்ணாடியைத் தட்டுவேன். சிலர் அணைப்பார்கள். சிலர், "உங்க வேலையப் பாருங்க டீச்சர்" என்பார்கள். ஒருத்தர் புகைச் சான்றிதழை எடுத்து நீட்டினார். குழாயில் கருவியே வைக்காமல், நம்பர் பலகையை மட்டும் போட்டோ பிடித்துக் கொடுத்த சான்றிதழ் என்று அவரே பெருமையாகச் சொன்னார். என் வாயில் அன்று வந்ததை இங்கே எழுத முடியாது.

மாமாவுக்கு வயதாகிவிட்டது. முதலாளி காலமாகி, வண்டி விற்றுப்போய், முட்டி தேய்ந்து வீட்டோடு இருக்கிறார். இந்த ஆடியில் அம்மா, "அவனையும் படவேட்டுக்கு அழைச்சிகினு போலாம்டி, அவனுக்கு யாரு கீறாங்க" என்றாள். எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் அம்மா முன்சீட்டில், மாமா பின்சீட்டில், நான் ஓட்டினேன். தரிசனம் முடிந்து வண்டிக்கு வந்தால் வெளியே போகிற வழி அடைத்துக் கிடந்தது. முன்னால் வேன்கள், பஸ். ஒன்றும் நகரவில்லை. நான் எஞ்சினை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். நல்ல வெயில்.

"ஏம்மா ஆஃப் பண்ணிட்ட? ஏசி போட்டு வையேன், வேகுது" என்றார் மாமா.

"பின்னாடி ஒரு அம்மா தரையில உக்காந்து எலுமிச்சம்பழ மாலை வித்துகினு கீறாங்க மாமா. புகை அவங்க மூஞ்சில அடிக்கும்."

"பெட்ரோல் வண்டில எங்க புகை வருது?"

"கண்ணுக்குத் தெரியாம வரும்."

மாமா சிரித்தார். "உன்னோட பெரிய பேஜாரும்மா. நான் ஓட்டாத வண்டியா? எங்க காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும், யாரு பாத்தா?"

இத்தனை வருஷமும் தொண்டையில் இருந்தது ஒரேயடியாக வந்துவிட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன். "யாருக்குத் தெரியுமா? அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சோறு போட்டுகினே வாய் விட்டுக் கேட்டாங்க, எஞ்சினை ஆஃப் பண்ணுடான்னு. மெக்கானிக்குக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் மாமா. தெரிஞ்சதாலதான் வெறகு அடுப்புன்னு பொய் சொன்னீங்க. தெரியாதவனுக்குப் பொய் இன்னாத்துக்கு?"

பக்கத்து வேன்காரர்கூட எங்களைத் திரும்பிப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடிப்பாள், விடுடி என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடியிலிருந்து மருந்துக் குழலை எடுத்து, வாயில் வைத்து உறிஞ்சி, மூச்சைப் பிடித்து விட்டாள். பிறகு திரும்பாமலே கூப்பிட்டாள்.

"தம்பி."

"இன்னாக்கா."

"அன்னிக்கு நீ வண்டிய ஆஃப் பண்ணியிருந்தா மொதலாளி இன்னா பண்ணியிருப்பாரு? வேலைய வுட்டுத் தூக்கியிருப்பாரா?"

மாமா தேய்ந்த முட்டியைத் தடவிக்கொண்டார். பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லக்கா. அதுக்கெல்லாம் தூக்கமாட்டாரு. ரெண்டு வார்த்த திட்டியிருப்பாரு."

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.